அத்தியாயம் 4: கை வைக்க முடியாத இரண்டு நிமிடங்கள்

ரோபோ போட்டிக்குத் தயாராகும் அணிகள் முதலில் கேட்பது பெரும்பாலும் மோட்டாரைப் பற்றித்தான். எத்தனை ஆர்பிஎம், எந்த பேட்டரி, சேஸிஸ் அக்ரிலிக்கா அலுமினியமா என்று பேச்சு நீளும். நிரலைப் பற்றிய பேச்சு கடைசி வாரத்தில்தான் வரும். அதுவும் "கோடிங் தெரிஞ்ச பையன்" ஒருவன் தலையில் கட்டப்படும். சென்ற அத்தியாயத்தில் வண்டியைக் கட்டி முடித்தோம். அதில் செலவழித்ததைப் போல இரண்டு மடங்கு நேரத்தை இந்த அத்தியாயத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

காரணம் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. உலக ரோபோ ஒலிம்பியாடின் ரோபோமிஷன் பிரிவில் ஓர் ஓட்டத்துக்கு 2 நிமிடம். வண்டியை இயக்கிவிட்ட பிறகு யாரும் தொடக்கூடாது, ரிமோட்டும் கிடையாது. ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் இரண்டரை நிமிடம். அங்கே வண்டி தன் இடத்துக்குத் திரும்பினால் புள்ளி இழக்காமல் கையில் எடுத்து மாற்றி விடலாம். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் முதல் 30 நொடி வண்டி தானாக ஓடியாக வேண்டும். அதன்பின் 2 நிமிடம் மாணவர்கள் ஓட்டலாம். இந்தப் போட்டிகள் எல்லாவற்றிலும் மனிதக் கை விலகியிருக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் வண்டியை ஓட்டுவது முந்தைய வாரங்களில் நீங்கள் எழுதிவைத்த நிரல்.

காவிரிக் கடைமடைக்காரர்கள் ரசிக்கக்கூடிய உதாரணம் ஒன்று. கல்லூரி அணிகளுக்கான ஏபியு ரோபோகான் போட்டி 2024-இல் வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில் நடந்தது. அந்த ஆண்டின் கருப்பொருள் நெல் சாகுபடி. நாற்று நடுவது, அறுப்பது, களஞ்சியம் சேர்ப்பது என்று மூன்று கட்டம், 3 நிமிட ஆட்டம். சிவப்பு, நீலப் பந்துகள் நெல். ஊதாப் பந்துகள் பதர். முதல் ரோபோவை மாணவர்கள் ஓட்டலாம். களஞ்சியப் பகுதிக்குள் போகும் இரண்டாவது ரோபோ முழுக்கத் தானியங்கியாக இருக்கவேண்டும். தன் அணியின் நெல்லை அது தானே கண்டறிந்து எடுத்து, குதிர்களில் வரிசை பார்த்துப் போடவேண்டும். மூன்று குதிர்களை விதிப்படி நிரப்பிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்து வெற்றி. ஆட்டத்தின் முடிவையே தீர்மானிக்கும் வேலையை விதி எழுதியவர்கள் நிரலிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

பெரியவர்களின் போட்டியிலும் கதை இதுதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு, ஓட்டுநர் இல்லாமல் பாலைவனத்தைக் கடக்கும் வண்டிகளுக்கு 2004-இல் பந்தயம் வைத்தது. ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிக தூரம் போனதே 12 கிலோமீட்டருக்குள் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' 132 மைலை 7 மணி நேரத்துக்குள் கடந்து 20 லட்சம் டாலர் பரிசை வென்றது. ஸ்டான்லியின் உடம்பு கடையில் கிடைக்கும் ஃபோக்ஸ்வேகன் டூவாரெக் கார்தான். தானே ஓடுவதை ஒரு மென்பொருள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதாக அந்த அணியினரே பின்னர் எழுதினார்கள்.

காரைக்காலிலிருந்து எங்கே போவது

நமக்குப் புவியியல் ஒரு சிக்கலைத் தருகிறது. சுற்றிலும் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள்; ஆட்சி மட்டும் 130 கிலோமீட்டர் வடக்கே உள்ள புதுச்சேரியில். தமிழ்நாடு அரசு தன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் போட்டிகள் நமக்குப் பொருந்துவதில்லை. எனவே எந்தப் போட்டியாக இருந்தாலும் முதலில் தகுதி விதியில் ஒன்றியப் பிரதேசம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உலக ரோபோ ஒலிம்பியாட், ஃபர்ஸ்ட் லெகோ லீக் போன்றவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை.

கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஐஐடி பம்பாயின் இ-யந்திரா போட்டியை. 2012-இலிருந்து நடக்கிறது. நான்கு பேர் ஓர் அணி. முதல் கட்டம் பெரும்பாலும் கணினித் திரையிலேயே, சிமுலேட்டரில் முடிந்துவிடும். அதைத் தாண்டிய அணிகள்தான் உண்மையான வண்டியைத் தொடும். பைத்தான், ராஸ் என்ற ரோபோ மென்பொருள் தளம், உள்பொதி சி என்று கருப்பொருளுக்கு ஏற்ப மொழியும் கருவியும் மாறும். நெடுங்காட்டிலோ வரிச்சிக்குடியிலோ திருவேட்டக்குடியிலோ படிக்கும் மாணவர், ஊரைவிட்டு நகராமல் நாட்டின் பெரிய கல்லூரிகளோடு மோதிப்பார்க்க இதைவிட நல்ல வாசல் இல்லை. நிரல் பலமாக இருந்தால் முதல் கட்டத்திலேயே அது தெரியும். பணபலத்துக்கு அங்கே வேலையில்லை.

இன்னொன்று. உதிரிபாகம் வாங்கும் சென்னை ரிச்சி தெரு நமக்கு 300 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு மோட்டார் டிரைவர் புகைந்தால் கூரியர் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிரலில் உள்ள பிழையை மட்டும் பேருந்தில் உட்கார்ந்தே சரிசெய்யலாம். தூரத்து ஊர் அணிகள் நிரலில் கூடுதலாக உழைப்பதற்கு இது போதுமான காரணம்.

நொடிக்கணக்கை நம்பாதீர்கள்

புதிய அணிகளின் நிரலில் முதலில் கண்ணில் படுவது இப்படியான கட்டளை: "இரண்டு மோட்டாரையும் ஓட்டு, 2 நொடி காத்திரு, நிறுத்து." பள்ளி ஆய்வகத்தில் இது சரியாக 1 மீட்டர் போகும். போட்டியன்று மதியம் போகாது.

காரணத்தைக் கணக்காகப் பார்ப்போம். மஞ்சள் நிற பிஓ மோட்டார், எல்298என் டிரைவர், இரண்டு 18650 செல்கள் என்பது நம் மாணவர்கள் வழக்கமாக வாங்கும் கூட்டு. முழு சார்ஜில் இரண்டு செல்லும் சேர்ந்து 8.4 வோல்ட். சிலமுறை ஓட்டிய பிறகு 7.4-க்கு இறங்கும். நடுவில் எல்298என் சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கிக்கொள்ளும். மோட்டாருக்குப் போய்ச்சேருவது 6.4 வோல்ட்டிலிருந்து 5.4-ஆகக் குறைகிறது. வேகம் ஏறக்குறைய வோல்ட்டேஜைப் பின்பற்றும் என்பதால் காலையில் 100 சென்டிமீட்டர் ஓடிய அதே 2 நொடியில் மதியம் 85 சென்டிமீட்டர்தான். அணி என்ன செய்யும்? 2 நொடியை 2.3 என்று மாற்றும். பிறகு யாரோ பேட்டரியை சார்ஜ் போட்டு வருவார்கள். வண்டி சுவரில் முட்டும்.

நேரத்துக்குப் பதிலாகச் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணுங்கள். என்கோடர் எனப்படும் துளைத் தட்டு அதற்குத்தான். வழக்கமான தட்டில் 20 துளைகள். 65 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு 204 மில்லிமீட்டர். ஆக ஓர் எண்ணிக்கைக்கு 1 சென்டிமீட்டரைவிடச் சற்று அதிகம். 1 மீட்டர் என்றால் 98 எண்ணிக்கை. பேட்டரி இறங்கியிருந்தால் வண்டி மெதுவாகப் போய்ச்சேரும், ஆனால் போய்ச்சேரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நேராக ஓட இந்த என்கோடர் போதும், திரும்புவதற்குப் போதாது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 14 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், நின்ற இடத்தில் 90 பாகை திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 11 சென்டிமீட்டர்தான் உருளவேண்டும். அது வெறும் 11 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கை தவறினால் 8 பாகை கோணல். அடுத்த 1 மீட்டரில் அந்த 8 பாகை 14 சென்டிமீட்டர் விலகலாக வளர்ந்துவிடும். அதனால் திருப்பத்துக்குக் கைரோ சென்சாரை வையுங்கள், அல்லது தரையில் உள்ள கோடு சென்சாருக்குக் கீழே வரும்வரை திருப்பி நிறுத்துங்கள். கைரோவுக்கு ஒரு பழக்கம் உண்டு: அசையாமல் நிற்கும்போதும் அதன் அளவு மெல்ல நகரும். வண்டியைக் கீழே வைத்த பிறகு ஒரு நொடி தொடாமல் விட்டு, அந்த நகர்வை நிரலே அளந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

லெகோ பயன்படுத்தும் பள்ளி அணிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அந்த மோட்டார் ஒரு சுற்றை 360 பாகையாக எண்ணித் தரும். 56 மில்லிமீட்டர் சக்கரத்தில் ஒரு பாகைக்கு அரை மில்லிமீட்டர். இவ்வளவு நல்ல அளவுகோல் கையில் இருந்தும் "நொடிகளுக்கு ஓடு" என்ற கட்டத்தை இழுத்துப் போடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

அரங்கத்து வெளிச்சம் உங்களுடையதல்ல

நிரலுக்குள் எழுதிவைக்கும் நிலையான எண்கள்தான் அடுத்த ஆபத்து. வெள்ளைத் தரையில் ஐஆர் சென்சார் 80 காட்டுகிறது, கறுப்புக் கோட்டில் 850 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 450-க்கு மேல் கறுப்பு என்று எழுதி முடித்துவிட்டீர்கள். போட்டி நடக்கும் கூடத்தில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் மேசையில் விழுகிறது. சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய உண்டு. உங்கள் எண்கள் அத்தனையும் இடம் மாறிவிடும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் வண்டி தானே வெள்ளையையும் கறுப்பையும் பார்த்து, மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் குறித்துக்கொள்ளும்படி ஒரு சிறு பகுதியை எழுதுங்கள். அதன்பின் வரும் அளவுகளை எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவே 0 முதல் 100 வரை மாற்றி வைத்துக்கொண்டால், மற்ற பகுதிகளில் 50 என்பது எந்த ஊரிலும் 50-தான். அளவெடுக்க விதி எப்போது இடம் தருகிறது என்பதை முன்பே படித்துவையுங்கள். சில போட்டிகளில் பயிற்சி நேரத்தில் மட்டும்தான் மேசைமேல் வண்டியை வைக்கலாம். அப்படியானால் எடுத்த அளவைக் கன்ட்ரோலரின் நிலைநினைவகத்தில் சேமித்துவைக்க வேண்டும்.

தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரிலும் இதே கதை, ஆனால் குற்றவாளி வெப்பம். ஒலியின் வேகம் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் நொடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. மே மாதக் காரைக்கால் வகுப்பறையின் 36 பாகைக்கும் ஏசி அரங்கத்தின் 24 பாகைக்கும் இடையே 2 சதவீத வேறுபாடு. 1 மீட்டரில் 2 சென்டிமீட்டர். பெரும்பாலான பணிகளுக்கு இது பொருட்டில்லை. பந்தைக் கவ்வும் கை 1 சென்டிமீட்டர் துல்லியத்தை எதிர்பார்த்தால் பொருட்டுண்டு. அந்தக் கடைசி 10 சென்டிமீட்டரை மெதுவாக, திரும்பத் திரும்ப அளந்தபடி நெருங்கச் சொல்லுங்கள். கிட்டே போகப் போகப் பிழையும் சுருங்கிவிடும்.

கோட்டில் ஓடுவதும் சுக்கான் பிடிப்பதும்

லைன் ஃபாலோவர் எழுதாத அணி இல்லை. இடப்பக்கம் போனால் வலப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் போனால் இடப்பக்கம் திருப்பு என்ற நிரல் ஓடும், ஆனால் பாம்பு போல நெளிந்து ஓடும். வேகத்தைக் கூட்டினால் கோட்டைவிட்டே போய்விடும். இதற்குத் தீர்வு பிஐடி என்ற, மூன்று எண்களால் திருப்பத்தைச் சரிசெய்யும் முறை. மாணவர்கள் இணையத்தில் ஆயத்த நிரலை எடுத்து, மூன்று எண்களையும் குருட்டாம்போக்கில் மாற்றிக்கொண்டிருப்பது வழக்கம். அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் இந்த வேலை எளிதாகும்.

1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைத் தானாகத் திருப்புவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அனுபவமுள்ள மாலுமிகள் சுக்கானை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கவனித்துத்தான் அவர் தன் கணக்கைக் கட்டினார். அரசலாற்று முகத்துவாரத்தில் விசைப்படகை வெளியே எடுப்பவரைப் பாருங்கள். படகு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துச் சுக்கானைத் திருப்புகிறார். அது முதல் எண். விலகல் கூடுகிறதா குறைகிறதா, எவ்வளவு வேகமாக என்றும் பார்க்கிறார். படகு நேராகத் தொடங்கியதுமே, முழுக்க நேராகும் முன்பே, சுக்கானைத் தளர்த்திவிடுகிறார். அது மூன்றாவது எண். நீரோட்டம் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தால் அதற்கென்று சுக்கானைச் சற்றுச் சாய்த்தே வைத்திருப்பார். அது இரண்டாவது எண்.

ஆகவே சரிசெய்யும் முறை இது. மற்ற இரண்டையும் பூஜ்யமாக்கி முதல் எண்ணை மட்டும் கூட்டுங்கள். வண்டி நெளியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது மூன்றாவது எண்ணைக் கூட்டினால் நெளிவு அடங்கும். லைன் ஃபாலோவருக்கு இரண்டாவது எண் பெரும்பாலும் தேவையே இல்லை. ஒரு மோட்டார் மற்றதைவிட எப்போதும் மெத்தனமாக இருந்தால் மட்டும் துளி சேர்க்கலாம். ஒருநேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

நிரல் தூங்கும் இடங்கள்

ஆர்டுயினோவில் 'டிலே' என்ற கட்டளை இருக்கிறது. அரை நொடி காத்திரு என்றால் அரை நொடி எதையும் பார்க்காமல், எதையும் கேட்காமல் நிரல் தூங்கும். எல்இடி மினுக்க அது போதும். ஓடும் வண்டியில் அது கண்ணைக் கட்டிக்கொள்வது. நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும் வண்டி அந்த அரை நொடியில் கால் மீட்டர் குருடாக ஓடிவிடும். 'மில்லிஸ்' கட்டளையில் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் ஆகிவிட்டதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கொண்டே மற்ற வேலையையும் செய்யும்படி எழுதப் பழகுங்கள்.

அதிலும் ஒரு கண்ணிவெடி. ஆர்டுயினோ ஊனோவில் 'இன்ட்' வகை மாறி 16 பிட்தான் கொள்ளும், உச்சவரம்பு 32,767. மில்லிநொடிக் கணக்கை அதில் போட்டால் 33-ஆவது நொடியில் எண் புரண்டு எதிர்க்குறிக்குப் போய்விடும். ஆய்வகத்தில் 20 நொடி ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியாது. 2 நிமிட ஆட்டத்தில் முதல் அரை நிமிடம் கழிந்ததும் வண்டிக்குப் பித்துப் பிடிக்கும். நேரத்துக்கு 'அன்சைன்ட் லாங்' வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். இஎஸ்பி32 போர்டில் 'இன்ட்' 32 பிட் என்பதால், அதில் நன்றாக ஓடிய நிரல் ஊனோவுக்கு மாற்றியதும் இப்படிக் கவிழ்வது உண்டு. வெட்கப்பட வேண்டியதில்லை, ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டுக்கே இது நடந்தது. 1996 ஜூன் 4-ஆம் தேதி, கிளம்பிய சுமார் 40 நொடிகளில் அது வெடித்துச் சிதறியதற்குக் காரணம், பெரிய எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணித்ததுதான். முந்தைய ஏரியான் 4-இல் சிக்கலின்றி ஓடிய அதே நிரல் பகுதி.

மூன்றாவது, யாரும் சந்தேகிக்காத இடம்: கணினித் திரையில் அளவுகளை அச்சிடும் 'சீரியல் பிரின்ட்'. 9600 வேகத்தில் ஒரு எழுத்துக்குச் சுமார் 1 மில்லிநொடி ஆகும். 40 எழுத்து வரியை ஒவ்வொரு சுற்றிலும் அச்சிட்டால், இடைநினைவகம் நிரம்பியதும் ஒவ்வொரு சுற்றும் 40 மில்லிநொடி தாமதிக்கும். பிஐடி எண்களை இந்தத் தாமதத்தோடு சரிசெய்துவிட்டு, போட்டிக்கு முன்னால் "தேவையில்லை" என்று அச்சு வரிகளை எடுத்துவிட்டால் சுற்று பலமடங்கு வேகமாகும். பிஐடியின் மூன்றாவது எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும். வண்டி நடுங்கும். பிஐடி பகுதி 10 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் இயங்கவேண்டும் என்று நிரலிலேயே கட்டிப்போட்டுவிட்டால் இந்தத் தொல்லை வராது. அச்சு வேகத்தை 115200-க்கு உயர்த்திக்கொள்வதும் நல்லது.

தவறும் என்று வைத்து எழுதுங்கள்

2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியது. இடையில் என்ன மாறியது என்று இஸ்ரோவின் அப்போதைய தலைவர் சோமநாத் விளக்கியிருக்கிறார். முதல்முறை எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அதைச் சரிக்கட்ட வண்டி வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் மென்பொருள் அந்த வேகத்துக்கு வரம்பு வைத்திருந்தது. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அடுத்தமுறை எது எதெல்லாம் தவறக்கூடும் என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கினார்கள். இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நாம் சென்னைக்குப் போகும் வழியில் உள்ள விழுப்புரத்துக்காரர்.

உங்கள் மேசைக்கு இதைப் பொருத்துவது எளிது. வண்டி செய்யவேண்டிய வேலையை நிலைகளாகப் பிரித்துப் பெயர் வையுங்கள்: கோட்டைத் தேடு, கோட்டில் போ, சந்திப்பில் திரும்பு, பொருளை எடு, வை, வீடு திரும்பு. ஒரு நேரத்தில் வண்டி ஒரே நிலையில்தான் இருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு வெளிவாசல் எழுதுங்கள். ஒன்று, வேலை முடிந்தால் எங்கே போவது. மற்றது, குறித்த நேரத்தில் வேலை முடியாவிட்டால் எங்கே போவது. இரண்டாவது வாசலை எழுதாத அணிகளின் வண்டிகள்தான், பொருள் நழுவி விழுந்த பிறகும் அதே இடத்தில் கையைத் திறந்து மூடிக்கொண்டு இரண்டு நிமிடத்தையும் தீர்க்கின்றன. பொருள் கிடைக்கவில்லையா, விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகட்டும்.

எந்த வேலையை முதலில் செய்வது என்பதும் நிரலாளர் எடுக்கவேண்டிய முடிவுதான். 30 புள்ளி வேலை பத்துக்கு ஐந்து முறை கைகூடுகிறது; 20 புள்ளி வேலை பத்துக்கு ஒன்பது முறை கைகூடுகிறது என்றால், சராசரியில் முன்னது 15, பின்னது 18. அதிலும் தோற்கும் 30 புள்ளி வேலை வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டு அடுத்தடுத்த வேலைகளையும் கெடுக்கும். பார்வையாளர் கைதட்டும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

உலக ரோபோ ஒலிம்பியாடில் போட்டியன்று காலை ஒரு திடீர் விதி அறிவிப்பதுண்டு. பயிற்சி நேரம் முடிந்து வண்டிகளை எல்லாம் ஒப்படைத்த பிறகுதான் பொருள்கள் எந்தெந்த இடத்தில் என்று குலுக்கிப் போடுவார்கள். அதற்குமேல் நிரலைத் தொட முடியாது. 400 வரியை ஒரே நீளமாக எழுதியிருப்பவர்கள் அந்தத் திடீர் விதியை எங்கே செருகுவது என்று திண்டாடுவார்கள். "இவ்வளவு தூரம் போ", "இவ்வளவு திரும்பு", "அடுத்த சந்திப்பு வரை கோட்டில் போ" என்று சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து வைத்திருப்பவர்களுக்கு அது நாலு வரி வேலை.

நாலு பேருக்கும் தெரிந்த நிரல்

ஓர் அணியில் ஒருவர் மட்டும் நிரல் எழுதுவது பெரிய பலவீனம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அணிக்கே காய்ச்சல். நடுவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேள்வி கேட்பார்கள்; ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் நிரலை விளக்கிச் சொல்வதும் மதிப்பீட்டில் சேரும். பெண்பிள்ளைகளை சார்ட் வரையவும் பேசவும் வைத்துவிட்டு மடிக்கணினியைப் பையன்கள் பிடித்துக்கொள்ளும் பழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. வழிகாட்டும் ஆசிரியர்கள் இதை முதல் வாரத்திலேயே உடைக்கவேண்டும். இரண்டிரண்டு பேராக ஒரு கணினியில் உட்கார்ந்து, ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பிழை பார்த்து, அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறினால் ஒரு மாதத்தில் நாலு பேருக்கும் நிரல் முழுதும் தெரிந்திருக்கும்.

நிரலுக்குள் எழுதும் குறிப்புரைகளைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆர்டுயினோவில் மாறிகளின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கவேண்டும், குறிப்புரைகளுக்கு அந்தத் தடை இல்லை. அவை போர்டில் இடமும் அடைக்காது. இந்த எண் ஏன் 37, எந்தத் தேதியில் எந்தத் தரையில் அளந்தது என்று ஒரு வரி போதும். அலகையும் எழுதுங்கள், ஒருவர் மில்லிமீட்டரிலும் இன்னொருவர் சென்டிமீட்டரிலும் கணக்குப் போட்டதால் சுவரில் மோதிய வண்டிகள் ஏராளம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நிரல் கேட்டு வாங்குவதை நான் தடுப்பதில்லை. வாங்கிய ஒவ்வொரு வரியையும் அணியில் ஒருவராவது கரும்பலகையில் விளக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிய பின், கணினி அறிவியல் எடுக்கும் மேல்நிலை மாணவர்களுக்குப் பைத்தான் பாடமாகவே வருகிறது. அவர்களைத் தேடிப்பிடித்து அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள்காட்டி

எட்டு வாரம் இருந்தால் மூன்றாம் வாரக் கடைசியில் வண்டியின் உடம்பைப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு சக்கரம், சென்சார் இடம் எதுவும் மாறக்கூடாது. மாறினால் அளந்த எண்கள் அத்தனையும் வீண். ஏழாம் வாரக் கடைசியில் நிரலையும் பூட்டுங்கள். எட்டாம் வாரம் ஓட்டிப்பார்க்க மட்டும். வேண்டுமென்றே பாதி சார்ஜில், ஜன்னலைத் திறந்துவைத்து, வண்டியை 2 சென்டிமீட்டர் தள்ளி வைத்து ஓட்டுங்கள். நன்றாக ஓடிய ஒவ்வொரு நிரலையும் தேதியிட்டுத் தனியே சேமியுங்கள். போட்டிக்கு முந்தின இரவு யாருக்காவது அருமையான யோசனை தோன்றும். அதை அடுத்த ஆண்டுக்கு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

இ-யந்திரா போன்ற போட்டிகள் வடகிழக்குப் பருவமழையின் மேலேயே விழும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கலெக்டர் விடுமுறை விடும் நாளில் ஆய்வகம் பூட்டியிருக்கும், மின்சாரமும் இணையமும் போய்ப்போய் வரும். சிமுலேட்டரையும் தேவையான நூலகக் கோப்புகளையும் செப்டம்பரிலேயே இறக்கி ஒவ்வொருவர் கணினியிலும் நிறுவிக்கொள்ளுங்கள். கெடு நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே சமர்ப்பித்துவிடுங்கள்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நிரலை அச்செடுத்து, அதில் ஒரு வரிகூட எழுதாத அணித் தோழரிடம் கொடுங்கள். வண்டி முதல் பத்து நொடியில் என்ன செய்யும் என்று அவர் படித்துச் சொல்லட்டும். சொன்னபடி வண்டி ஓடாவிட்டால் பக்கத்தைத் திருப்பாதீர்கள், நிரலைத் திருத்துங்கள்.